பொன்னாங்கண்ணி மாதிரியே ஒன்று

எனக்குத் தெரியாத கீரையே கிடையாது என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் கை நனைக்காதீர்கள். சிட்னிக்கு வந்த புதிதில் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

அப்போது என் மனைவி மீனாவும் நானும் ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பி.ஆருக்கு விண்ணப்பித்துவிட்டு, தபால்காரரைக் கண்டால்கூடப் பணிவாகச் சிரிக்கிற காலம். ஒரு ஞாயிறு காலை நடக்கப் போனபோது, ஓடையில் பாதியும் கரையில் பாதியுமாகப் பாய் விரித்தாற்போல் பொன்னாங்கண்ணி படர்ந்திருந்தது. எதிரெதிராக இலை, வெள்ளைப் பூ. கடையில் ஒரு சின்னக் கட்டுக்குக் கொள்ளை விலை சொல்கிற கீரை! சட்டையைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டேன். (பனியனோடு வந்த என்னைப் பார்த்து, நாயோடு வந்த ஓர் அம்மையார் எதிர்ப்பக்கம் மாறிப் போனார். நாய் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.)

"நல்லாத் தெரியுமாங்க?" என்றாள் மீனா.

"திருச்சிக்காரன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

பொரியல் ருசியாகத்தான் இருந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்களைப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்ட ரஞ்சி அன்ரிக்கும் ஒரு கட்டு கொடுத்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். வாயில் போட்டதுமே, "ஓம் தம்பி, பொன்னாங்காணியேதான்!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்டுகளைக் கொல்லைப்புறத்தில் கிடந்த பழைய குளியல் தொட்டியில் ஊன்றினார். அது வளர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. ஆனால் எல்லாரும் என் கைராசி என்றார்கள். நானும் மறுக்கவில்லை. அன்ரி தன் தோழிகளுக்குக் கொடுக்க, தோழிகள் சம்பந்திகளுக்குக் கொடுக்க, கீரை ரயில் பாதையோடு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

இந்தப் புகழில்தான் தமிழ் முதியோர் சங்கத்தின் தோட்டக்கலை நாளில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். தொட்டி தொட்டியாகக் கீரையை மேடையில் அடுக்கி, "தாய்நாட்டுக் கீரையை இந்த மண்ணில் வேரூன்ற வைத்தோம்" என்று முழங்கினேன். கைதட்டல். தொட்டிகளை வந்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்தேன். எனக்கு அடுத்து, மக்கிய உரம் பற்றிப் பேச வந்திருந்தார் ஜூலி என்ற பெண். களைத் தடுப்பு அதிகாரியும் அவர்தான். கைதட்டாத ஒரே ஆள்.

அவர் மேடையேறி ஒரு தண்டை ஒடித்தார். உள்ளே ஒன்றுமில்லை, ஸ்ட்ரா மாதிரி ஓட்டை. பூவைக் காட்டினார். "உங்கள் கீரையில் பூ இலையடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதில் பாருங்கள், தனிக் காம்பு." இரண்டும் நெருங்கிய உறவுதானாம். ஒன்று நம் ஆசிய வயல் வரப்புகளில் வளர்வது. இதுவோ தென்னமெரிக்க ஆறுகளிலிருந்து வந்து, புகுந்த ஓடையையெல்லாம் மூடிவிடுகிற முதலைக் களை. வீட்டில் வளர்ப்பதும் பிறருக்குக் கொடுப்பதும் சட்டப்படி குற்றம்.

கூட்டத்தில் பாதிப் பேர் மடியில் தொட்டி இருந்தது.

"எங்கே கிடைத்தது?" என்று கேட்டார் ஜூலி. சந்தையில் வாங்கினேன் என்று சொல்லிவிடலாம் என நாக்கு நுனி வரை வந்தது. முன்வரிசையில் மீனா உதட்டசைவில் "பி.ஆர்., பி.ஆர்." என்று ஜபித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த ஓடை கண்முன் வந்தது. வாத்து நீந்த இடமில்லாமல் கரையில் நடந்து போனதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். (அப்போது அதை ரசித்தேன் என்பதுதான் கொடுமை.) "வாங்க, காட்டுகிறேன்" என்றேன்.

ஜூலி என்னைக் கைது செய்யவில்லை. ஒரு கட்டுக் கறுப்புப் பைகளைக் கையில் கொடுத்தார். ஒரு கணு விழுந்தாலும் முளைக்குமாம். ஒரு துண்டு விடாமல் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

முதல் வீட்டிலேயே போர். "உமக்கென்ன விசரே? நான் சின்னனில இருந்து சாப்பிடுற கீரை!" என்று குளியல் தொட்டிக்குக் குறுக்கே நின்றார் ரஞ்சி அன்ரி. நான் தண்டை ஒடித்துக் காட்டினேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டு, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"ஹலோ வசந்தி, கீரையைத் தொடாதை. ஓம், கறியாக்கியிருந்தாலும் மிச்சத் தண்டைக் குப்பையில போடாதை. தம்பி வாறார், பையில போட்டுக் குடு. ஆருக்குக் குடுத்தனீ? அவவின்ர நம்பரைச் சொல்லு."

அரசாங்கமே அமைத்திருந்தாலும் அப்படி ஒரு படை கிடைத்திருக்காது. அன்ரி காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கட்டளையிட, நான் வெடிகுண்டைத் தூக்குகிறவன் போலப் பைகளைத் தூக்கினேன். கொடுத்தவர், வாங்கியவர், வாங்கியவரிடம் கேட்டு வாங்கியவர் என்று கடைசிக் கணு வரை வந்து சேர்ந்தது. ஒரு மாமா மட்டும் தன் தொட்டியைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்தார்.

ஓடையிலிருந்த கூட்டம் அதுவரை யார் கண்ணிலும் படாதது என்று பிறகு தெரிந்தது. ஆற்றுக்குப் பரவும் முன் பிடித்துவிட்டதால் ஆட்களை இறக்கி அழித்தார்கள். அடுத்த கோடையில் வாத்துகள் அங்கே நீந்தின. ஜூலி எனக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். கூடவே, இந்த மண்ணுக்கே உரிய ஒரு குட்டிப் பொன்னாங்கண்ணியின் நாற்றுகள். அதே குடும்பம்தான், ஆனால் சாது. ரஞ்சி அன்ரியின் தொட்டியில் இன்றும் அதுதான். பி.ஆரும் வந்தது.

இந்தச் சங்கதியை மீனா திருச்சிக்குத் தொலைபேசியில் சொன்னபோது இணைப்பு சரியில்லை. 'முதலை', 'ஓடை', 'மாப்பிள்ளை', 'கவர்மென்ட் லெட்டர்' ஆகியவை மட்டும்தான் என் மாமியார் காதில் விழுந்திருக்கின்றன. சிட்னியில் ஓடையில் இறங்கி முதலையை வெறுங்கையால் பிடித்தவன் என்று அங்கே எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைச் சூழ்ந்துகொள்கிறார்கள். போன முறை மீனாவின் சித்தப்பா, "எவ்வளவு நீளம் இருந்துச்சு மாப்ள?" என்று கேட்டார்.

"ஓடை பூராவும் இருந்துச்சு சித்தப்பா" என்றேன். பொய்யில்லையே!