வேம்புலியைப் பர்மனென்ட் ஆக்கிய விவரம்

அம்பத்தூர்,
2-7-1987

பெருமதிப்பிற்குரிய மச்சான் சின்னப்பையன் அவர்களுக்கு,

துலுக்கானம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை நாகவல்லியும் சௌக்கியம். பவர் பிரஸ்ஸும் நேற்று மத்தியானம் முதல் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் வலியும் கண்ணம்மா அக்காவின் சர்க்கரையும் மேலே ஏறாமல் இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறோம். போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று கோபித்திருந்தீர்கள். பதில் போடும் நிலைமையில் நான் இல்லை. காரணம் நீங்கள்தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், விவரத்தை எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ராணிப்பேட்டையில் பெரிய பாக்டரி பர்சனல் ஆபீசில் இருபத்தைந்து வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர் நீங்கள். நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு ஷெட் பிடித்து, ஒரு பவர் பிரஸ்ஸை வைத்துக்கொண்டு இரும்புத் தகட்டில் கிளாம்ப் அடித்துக் கொடுக்கிறவன். ஆகையால் ஆள் எடுக்கும் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் எனக்குச் சட்டம். "எவனையும் எடுத்தவுடனே பர்மனென்ட் பண்ணாதே. முதலில் டெம்பரவரியா வை, நடுநடுவே பிரேக் கொடு, ஆளைப் பார், அப்புறம் யோசி" என்றீர்கள். சரி என்றேன். அடுத்த வாரமே உங்கள் மச்சினன் கோதண்டத்தைப் பெட்டியோடு அனுப்பி, "இவன் மட்டும் நேரடி பர்மனென்ட், கண்ணம்மா மனசு கஷ்டப்படும்" என்று எழுதினீர்கள். அதற்கும் சரி என்றேன். இப்படியாக ஒரே ஷெட்டில் ஒருவன் நேரடி, ஒருவன் டெம்பரவரி. கோதண்டம் தெரியும். மற்றவன் பெயர் வேம்புலி, கள்ளிக்குப்பத்துப் பையன்.

கோதண்டம் பர்மனென்ட் ஆர்டரை வாங்கிய அன்று கூலிங் கிளாஸ் வாங்கினான். ஷெட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டுதான் இருப்பான், தூங்குகிறானா முழித்திருக்கிறானா என்று எனக்குத் தெரியக் கூடாதாம். கீழே சிதறிய தகட்டைப் பெருக்கித் தள்ளச் சொன்னால், "அண்ணே, அது டெம்பரவரி வேலை, நான் பர்மனென்ட்" என்கிறான். பிரஸ் அச்சான டையைத் தலைகீழாக மாட்டி உடைத்துவிட்டு, "மிஷின் பழசு அண்ணே" என்றான். திட்டினேன். வயிற்று வலி என்று டாக்டர் சீட்டோடு லீவில் போய்விட்டான். அந்த வயிற்று வலியோடு அவனை ஆவடி தியேட்டர் வாசலில் கண்டதாக நாகவல்லி சொல்கிறாள்.

வேம்புலி அப்படி இல்லை. நான் பூட்டைத் திறப்பதற்குள் வாசலில் நிற்பான். நான் கஸ்டமரைப் பார்க்கப் போனால் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போவேன். அவன் இல்லாவிட்டால் நான் ஷெட்டை விட்டு ஒரு அடி நகர முடியாது, அதுதான் உண்மை. ஆனாலும் உங்கள் சட்டப்படி, தொடர்ந்து வேலை செய்த கணக்கு வந்துவிடக் கூடாது என்று, அவ்வப்போது அவனை வீட்டுக்கு அனுப்பிப் பிரேக் கொடுத்துக்கொண்டே வந்தேன். முதல் பிரேக் அன்று காலையில் பார்க்கிறேன், எதிர் டீக்கடை பெஞ்சில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "ஏண்டா, வீட்டுக்குப் போகலை?" என்றேன். "முதலாளி, ஊட்ல பர்மனென்ட்டுன்னு சொல்லிகீறேன். பகல்ல ஊட்ல குந்திகினு இருந்தா தெருவே கேக்கும், இன்னாடா வேல பூட்ச்சான்னு. நான் பாட்டுக்கு இங்க இருந்துகினு சாயங்காலமா போறேன்" என்றான். ஒவ்வொரு பிரேக்கிலும் இதே கதை. கோதண்டம் உள்ளே சம்பளத்துடன் தூங்க, வேம்புலி எதிரே சம்பளமில்லாமல் முழித்துக்கொண்டிருப்பான். எனக்கே கூச்சமாக இருந்ததால் அந்த நாட்களில் நான் டீக்கடைப் பக்கம் போகாமல் பக்கத்து ஷெட் பையனை விட்டு டீ வாங்கினேன்.

இப்படி ஒரு பிரேக் நாளில்தான் வந்தார் செங்கல்வராயன். நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கத்தில் மாவு மில் வைத்திருப்பவர், ஒரே பெண். வேம்புலிக்குப் பெண் கொடுக்கலாமா என்று வேலை செய்யும் இடத்தில் விசாரிக்க வந்திருக்கிறார். நேராக அந்த டீக்கடையிலேயே நின்று, "இங்க பிரஸ்ல வேம்புலின்னு ஒரு பையன் கீறானாமே, பர்மனென்ட்டா?" என்று மாஸ்டரைக் கேட்டிருக்கிறார். பெஞ்சில் இருந்தவன் இதைக் கேட்டதும் கேரியரை அப்படியே போட்டுவிட்டுப் பின்பக்கமாக ஓடிவந்து, கோதண்டத்தைத் தள்ளிவிட்டு, எண்ணெய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு பிரஸ் முன்னால் நின்றான். "டேய், உனக்கு இன்னிக்குப் பிரேக்டா!" என்று கத்தினேன். "முதலாளி, கால்ல வுழறேன், மாமனார் வர்றாரு!" என்றான். வருகைப் பதிவு மஸ்டரில் பிரேக், ஆள் மிஷினில். உங்கள் சட்டம் அன்றைக்கு உடைந்தது.

செங்கல்வராயன் உள்ளே வந்தார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர் ஜாதகம், குடிப்பழக்கம் இதையெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். மனுஷன் மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது சூடாச்சின்னா பையன் இன்னா பண்ணுவான்? பெல்ட்டு அறுந்தா அவனே மாட்டுவானா? சாவி குடுத்தா நம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே போனார். பெண்ணைப் பெற்றவர், கவலை இருக்காதா என்று நானும் அவனைப் பற்றி உள்ளதை உள்ளபடி, வாய் வலிக்கும் வரை புகழ்ந்தேன். கடைசியில், "அப்போ பர்மனென்ட்டு தானே?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆக்கப் போறோம்" என்றேன். "ஆக்குங்க. ஆன மறுநாளே தட்டு மாத்திக்கிலாம்" என்றார். நான் விடவில்லை. பர்மனென்ட் ஆனதும் இவனும் கூலிங் கிளாஸ் வாங்கிவிட்டால் என் கதி என்ன? அதனால், "கல்யாணம் ஆவட்டுங்க, குடும்பஸ்தன்னா காலை ஊன்றி நிப்பான். மறுநாளே ஆர்டர் தர்றேன்" என்றேன். "நல்லா கீதே! நீங்க நம்பாத பையனுக்கு நான் பொண்ணக் குடுக்கணுமா?" என்று எழுந்துவிட்டார்.

அதிலிருந்து அவர் எனக்காகக் காத்திருக்க, நான் அவருக்காகக் காத்திருக்க, நடுவில் வேம்புலி. போன மாதம் செங்கல்வராயனிடமிருந்து, "ஆடி பொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க, வேற எடம் வந்துகீது" என்று தகவல் வந்தது. மறுநாள் மத்தியானம் வேம்புலியைக் காணோம். தேடிப் போனால் டீக்கடை பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "இன்னிக்குப் பிரேக் இல்லையேடா" என்றேன். "பழகிக்கிறேன் முதலாளி. எப்பிடியும் அடுத்த பிரேக்கு வரத்தானே போவுது" என்றான். மச்சான், எனக்கு மனசு ஆறவில்லை.

அன்றைக்கு ராத்திரி உங்கள் தங்கையிடம் சொன்னேன். "டெம்பரவரியா இருக்கிறதாலதான் இவ்வளவு நல்லா வேலை செய்யறான், பர்மனென்ட் பண்ணா கெட்டுப்பூடுவானோன்னு பயமா இருக்குது" என்றேன். நாகவல்லி தட்டைக் கழுவிக்கொண்டே, "இன்னாய்யா பேசற? அவன் டெம்பரவரின்றதாலயா வேலை செய்யறான்? அவன் வேம்புலி, செய்யறான். கோதண்டத்த நீ டெம்பரவரியா வச்சிருந்தாலும் தூங்கித்தான் இருப்பான். ஒன்றரை வருசமா ஒருத்தனப் பாத்தும் தெரியலன்னா கோளாறு உன் கண்ணுல கீது" என்றாள். உங்கள் தங்கை உங்களை மாதிரி இல்லை, சுருக்கமாகப் பேசுகிறாள்.

ஆகவே மச்சான், நேற்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆர்டர் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, வேம்புலி கையில் கொடுத்துவிட்டேன். வாங்கியதும் என் காலில் விழுந்தான். எழுந்து நேராகப் போய், கோதண்டம் கெடுத்து வைத்திருந்த பிரஸ்ஸைச் சரிசெய்தான். கூலிங் கிளாஸ் வாங்கவில்லை. மத்தியானமே அரை நாள் லீவு கேட்டு, ஆர்டரை எடுத்துக்கொண்டு நெமிலிச்சேரிக்கு ரயில் ஏறினான். இனிமேல் இந்த ஷெட்டில் டெம்பரவரி என்ற பேச்சே கிடையாது. நல்லவன் என்று பட்டால் எடுத்தவுடனே பர்மனென்ட். என் ஆள் இனி எங்கேயும் போகமாட்டான், பெரிய கிளாம்ப் ஆர்டரைத் தைரியமாக ஒத்துக்கொள்ளப் போகிறேன். உங்கள் இருபத்தைந்து வருஷ அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் அதை ராணிப்பேட்டையிலேயே வைத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணம்மா அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். சின்னவர்களுக்கு எங்கள் ஆசி. கோதண்டத்தின் வயிறு நன்றாக இருக்கிறது. உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள் நாகவல்லி, வரும்போது தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை புருஷன்,
துலுக்கானம்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வேம்புலியும் செங்கல்வராயனும் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். ஆவணியில் கல்யாணம். சந்தோஷம் என்றேன். செங்கல்வராயன் துண்டைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் வயசாய்ட்ச்சி, மில்ல பாத்துக்க ஒரு நம்பிக்கையான ஆளு வோணும். யாரையாச்சும் வச்சிப் பாத்து, நிறுத்தி, திரும்ப வச்சி, அதெல்லாம் நம்மால ஆவாது. அதான் நீங்க பாத்து முடிக்கிற வரைக்கும் காத்துகினு இருந்தேன். நீங்களே பர்மனென்ட்டு பண்ட்டீங்க, அப்போ ஆளு சொக்கத் தங்கம். நான் நேரா எடுத்துக்கினேன்" என்றார். வேம்புலி வீட்டோடு மாப்பிள்ளையாக மில்லுக்குப் போகிறான். நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். நானும்தான். கணக்கை முடிக்க ஆர்டரைத் திருப்பிக் கேட்டேன். "அத்த மட்டும் குடுக்க மாட்டேன் முதலாளி, தெருவுல காட்டணும்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஷெட்டில் பர்மனென்ட்டாக இருப்பது கோதண்டமும் நானும்தான். ஆகையால் மேலே எழுதியதைப் படிக்காததாக நினைத்துக்கொண்டு, உடனே ஒரு நல்ல பையனாகப் பார்த்து அனுப்பவும். கல்யாணம் ஆனவனாக இருக்கட்டும். டெம்பரவரியா பர்மனென்ட்டா என்று கேட்டால், அவன் மாமனாரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.