கண்ணாடிக் கடைக்கு வந்த கார்டு மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். உங்கள் சுகத்தை மகள் தினமும் போனில் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை.

நம் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே புதிதாக இன்னொன்று திறந்து, கார்டு வாங்குவோம் என்று பலகை மாட்டியதும் நம் வாடிக்கை ஆட்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்தது உங்களுக்குத் தெரியும். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்துவிடுகிறேன் என்றேன். கடை போவதைவிட நான் வீட்டில் இருப்பதுதான் உங்கள் அத்தைக்குக் கலக்கம். அன்றே மெஷின் விற்பவர்களைக் கூப்பிட்டுவிட்டாள். முதலில் வந்தது செங்கல் அளவு, ஆனால் ஒயர் கல்லா வரை எட்டவில்லை, பணம் கட்ட வந்தவர்களைக் கண் பரிசோதிக்கும் நாற்காலிக்குக் கூட்டிப்போனேன், அவர்கள் உட்கார்ந்த பழக்கத்தில் சுவரில் இருக்கும் எழுத்துகளைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்கள். இரண்டாவது என் போனோடு சேர்ந்துதான் ஓடும். மகள் கூப்பிட்டால் பாதியில் நின்றுவிடும், அவளோ நாள் முழுக்கக் கூப்பிடுகிறாள். மூன்றாவது நீங்கள் சொன்னது. "சின்னதா, ஸ்டைலா இருக்கும் மாமா, கமிஷனும் கம்மி, கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றீர்கள். வாங்கினேன்.

எண்கள் எல்லாம் திரைக்குள்ளே, எறும்பு அளவில். மாப்பிள்ளை, நம்ம கடைக்கு யார் வருவாங்க? கண் தெரியாதவங்கதானே வருவாங்க? கண்ணாடியைக் கழற்றி ரிப்பேருக்கு என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்களே அமுக்குங்கண்ணே" என்று கார்டின் ரகசிய ‘பின்’ நம்பரைச் சொல்லிவிடுகிறார்கள். மெதுவாகவும் சொல்வதில்லை. ரிட்டயரான டீச்சரம்மா வகுப்புக்குச் சொல்வதுபோல இரண்டு தரம் சொன்னார்; பின்னால் நின்ற பால்காரர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். நான் காதைப் பொத்திக்கிட்டேன். "காதைப் பொத்தினா எந்தக் கையால அமுக்குவீங்க?"ன்னு அந்தம்மா என்னையே திட்டுறாங்க. இப்போ தெருவுல பாதிப் பேரோட நம்பர் என் மண்டைக்குள்ள கிடக்குது. நாளைக்கு யார் கணக்குல ஒரு காசு குறைஞ்சாலும் முதல்ல என் கதவைத்தான் தட்டுவாங்க. இத்தனை வருஷமா சேர்த்த நல்ல பேரு, மாப்பிள்ளை! நினைச்சா அழுகையே வருது. "மறந்துடுங்களேன்"னு உங்க அத்தை சொல்றா. என் நம்பர்னா எப்பவோ மறந்திருப்பேன். அடுத்தவங்களுது போக மாட்டேங்குது.

ஆகவே மெஷினைத் திருப்பி அனுப்ப எடுத்து வைத்துவிட்டேன். நாளை முதல் கடையும் கிடையாது. உங்கள் மேல் கோபமில்லை. படித்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்.

நீங்களும் மகளும் நோய்நொடியின்றி, தெளிவான பார்வையோடு நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் எதிர்க்கடைக்காரர் பின்வாசல் வழியாக வந்தார். அவருடைய கண்ணாடியில் ஸ்க்ரூ கழன்றுவிட்டதாம். அவர் கடையில் புதுசு விற்பார்களாம், ரிப்பேர் தெரியாதாம், யாரிடமும் சொல்லக் கூடாதாம். முடுக்கிக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு மெஷினைப் பார்த்தவர், "இதுல 'பெரிய எழுத்து'ன்னு ஒரு பட்டன் இருக்கேங்க!" என்றார். இருக்கிறது. பொடி எழுத்தில் இருக்கிறது. அமுக்கினால் வாசலிலிருந்தே தெரிகிறது. அவர் கடையிலும் இதே மெஷின்தான். அவரும் அந்தப் பட்டனை இதுவரை பார்க்கவில்லை, நம் ஆட்களின் நம்பரெல்லாம் அவருக்கும் மனப்பாடம். கடை நாளை வழக்கம்போலத் திறக்கும், மெஷினும் இருக்கும். நான் கண்ணாடி மாற்றி வருஷக்கணக்காகிறது என்பதை அத்தையிடம் சொல்ல வேண்டாம். உங்களைப் பற்றி மேலே எழுதியதை அடிக்கவில்லை. வேறு சமயத்துக்கு உதவும்.