ரெட்டைச்சாவி அண்ணனின் பூட்டு

சண்டையை விலக்கி விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மூட்டி விடுகிறவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருப்பீர்கள். ஊரார் சண்டையையே மூலதனமாகப் போட்டு ஒரு பொதுக் காரியத்தைப் பதினோரு வருஷம் நடத்தியவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் எங்கள் தெரு ரெட்டைச்சாவி அண்ணன் ஒருவர்தான்.

திண்டுக்கல் பேகம்பூர் பக்கம் இருபத்திரண்டு வீடு கொண்ட சந்து எங்களுடையது. அண்ணனின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அது அங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்று தெரு விட்டுவிட்டது. பூட்டுப் பட்டறையில் வேலை. காக்கிச் சட்டை, காதில் செருகிய பென்சில். 'என்' என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. நம்ம சைக்கிள், நம்ம வெத்தலைப் பெட்டி என்பதோடு நிற்காமல், பல் டாக்டரிடம் போய், "நம்ம கடவாய்ப் பல்லு ஆடுது" என்றாராம். டாக்டர் பயந்துபோய்த் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதாகத் தெருவில் பேச்சு.

அவர் ஒரு நாள் வேலை மெனக்கெட்டு வீடு வீடாகப் போய் ஏணிகளை எண்ணியிருக்கிறார். இருபத்திரண்டு வீட்டில் பதினேழு ஏணி. வருஷத்துக்கு ஒரு முறை ஒட்டடை அடிக்கப் பதினேழு ஏணியா என்று அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே பட்டறை முதலாளியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, சந்தின் கடைசியில் சும்மா கிடந்த தகரக் கொட்டகையை வாங்கிவிட்டார்.

ஏற்பாடு எளிமையானது. வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து போட வேண்டும். போட்டால் கொட்டகையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் அந்த வீட்டாரும் சொந்தக்காரர்கள். வாடகை கிடையாது. ஏணி வந்தது, டிரில்லிங் மிஷின் வந்தது, சக்கர நாற்காலி வந்தது. பக்கத்து வீட்டுப் பரீதா முப்பது கிலோ பிரியாணி வேகிற தேக்சா அண்டாவைப் போட்டாள். நாங்கள் குடிவந்தபோது என் மாமியார் ஆசையாகக் கொடுத்த, சாய்க்கவே முடியாத டில்டிங் கிரைண்டரைப் போட்டோம். ஒருவர் வீட்டில் துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிளைக் கொண்டுவந்து தள்ளினார். அண்ணன் முகம் சுளிக்காமல் வாங்கி, கொட்டகையிலும் அதில் துணிதான் காயப்போட்டார்.

வாங்கிப்போனதைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்தால் கோபிக்க மாட்டார். கொட்டகைக் கதவில் சாக்பீஸால் எழுதிவிடுவார்: 'தேக்சா. ஏழாம் நம்பர் வீடு. அடிப்பிடித்தது.' ஏழாம் நம்பர் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, சமையல் யார் என்று விசாரித்ததாகக் கேள்வி.

இனிதான் பூட்டு. திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. பூட்டைப் பற்றி யார் என்ன பெருமை சொன்னாலும் நம்பிவிடுவோம். எங்கள் ஊர்ப் பூட்டு திருடன் கையைக் கடிக்கும் என்றால்கூட 'இருக்கும், இருக்கும்' என்று தலையாட்டுவோம். அப்படிப்பட்ட ஊரில் அண்ணன் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பூட்டைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். துவாரம் ஒன்று, சாவி இரண்டு. சிவப்புக் கயிறு கட்டிய சாவியைப் போட்டு ஒரு சுற்று, அதை உருவிவிட்டுப் பச்சைக் கயிறு கட்டியதைப் போட்டு இன்னொரு சுற்று. அப்போதுதான் திறக்கும். ஒரே சாவியை இரண்டு முறை திருப்பினால் உள்ளே லீவர் உடைந்துவிடும், பிறகு அந்தப் பூட்டை எவராலும் திறக்க முடியாது என்று எச்சரிக்கை வேறு.

எதற்கு இவ்வளவு வம்பு என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "ஏணின்னா ஏறுறதுக்கு ஒராளு, புடிக்கிறதுக்கு ஒராளு. ஒத்த ஆளு ஏணியைத் தூக்கிட்டுப் போனா விழுந்துதான் வருவான். அதான் ரெண்டு சாவி."

சரி, நியாயம்தான் என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சாவிகள் கை மாறும். யார் யாருக்கு என்பதை அண்ணன்தான் முடிவு செய்வார். அந்த வாரம் தெருவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லையோ, சரியாக அந்த இரண்டு வீட்டுக்குத்தான் போகும். தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் அதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தார். பாகப்பிரிவினையில் கோர்ட்டுக்குப் போன அண்ணன் தம்பி இருவருக்கு நாலு வாரம் தொடர்ந்து சாவி கொடுத்தார். யாருக்காவது சுத்தியல் வேண்டுமென்றால்கூட அந்த இருவரும் வந்து ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறப்பார்கள். நாலாவது வாரம் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "கதவ நல்லாத் தள்ளுடா, மூதேவி" என்றார். அண்ணன் அன்று தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

எனக்கும் பரீதாவுக்கும் வந்த சண்டை ஒரு சேலையால். சின்னாளப்பட்டிச் சுங்குடி, முதல் சலவை. மாடியில் காய்ந்துகொண்டிருந்தபோது அவள் வீட்டுத் தண்ணீர் டேங்க் வழிந்து அதன்மேல் கொட்டி, சாயம் போய்விட்டது. நான் கேட்கப் போனேன். நல்ல சாயமாக இருந்தால் தண்ணீருக்கு ஏன் பயப்படுகிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிற நான், சேலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. அந்த எட்டு மாதமும் தினம் சாயங்காலம் அவளோடு குடிக்கிற டீயைத் தனியாகக் குடித்தேன். அது டீ மாதிரியே இல்லை என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அண்ணனுக்குக் கொண்டாட்டம். மாதம் இரண்டு முறை சாவி எங்களுக்குத்தான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் கம்பெனி வந்தது. செல்போனில் தட்டினால் ஏணியோ டிரில்லோ அண்டாவோ வாசலுக்கு வரும்; யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். 'பகிர்வோம், மகிழ்வோம்' என்று சட்டையில் எழுதிக்கொண்டு ஒரு மேனேஜர் வந்து தெருக் கூட்டத்தில் பேசினார். கொட்டகைச் சாமான்களை எல்லாம் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வாடகைக்கு விடுவார்கள். வருவதில் எங்களுக்கும் ஒரு பங்கு. எங்களுக்கே ஏணி வேண்டுமென்றாலும் தட்டித்தான் எடுக்க வேண்டும், ஆனால் தள்ளுபடி உண்டு.

அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "ஏணி நம்மளுது. ஏறப்போறதும் நாம. நடுவுல நீங்க எதைப் புடிச்சுக்கிருவீங்க தம்பி, ஏணியையா?"

மேனேஜர் சிரித்துவிட்டுத் திரையில் அடுத்த படத்தைப் போட்டார்.

ஓட்டெடுப்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் எதிரியோடு நின்று பூட்டுத் திறந்து அலுத்துப்போயிருந்தது தெரு. கைகள் உயர்ந்தன. என் கையும் உயர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன், பரீதாவின் கையும் உயர்ந்திருந்தது. எட்டு மாதத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அடுத்த வாரம் திங்கட்கிழமை வேன் வரும் என்று முடிவாகிக் கையெழுத்தும் ஆயிற்று. அண்ணன் கடைசி வாரத்துச் சாவிகளை எடுத்து, சிவப்பைப் பரீதாவிடமும் பச்சையை என்னிடமும் கொடுத்துவிட்டுப் போனார். அவர் நடை அன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது.

வேன் வருவதற்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை, பரீதா மகளுக்கு நிச்சயதார்த்தம். கொட்டகையில் கிடப்பது அவளே போட்ட தேக்சா. ஆனால் அதை எடுக்க என்னிடம் சாவி கேட்க வேண்டுமே. கேட்பாளா? கம்பெனியில் தட்டி வேறு தேக்சா வாடகைக்குச் சொல்லிவிட்டாள். காலை ஐந்து மணிக்கு வர வேண்டியது. செல்போன் படத்தில் ஒரு சிறு வண்டி பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. 'இன்னும் பத்து நிமிடத்தில்' என்று ஐந்து முறை சொன்னது. ஆறு மணிக்கு, வருந்துகிறோம் என்று ஒரு சிவப்பு இதயப் படத்தோடு ரத்து செய்துவிட்டது. முகூர்த்த நாள். ஊரில் இருக்கும் வாடகைப் பாத்திரக் கடை அத்தனையிலும் தேக்சா வெளியே போயிருந்தது. அரிசி ஊறிக்கொண்டிருந்தது, கறி வெட்டியாகிவிட்டது, பிரியாணி போடும் பண்டாரி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் நூற்றைம்பது பேர் நத்தத்திலிருந்து கிளம்பியாகிவிட்டது.

ஏழு மணிக்கு வாசல் தெளிக்கப் போனவள் பார்க்கிறேன், பரீதா சிவப்புச் சாவியோடு கொட்டகை வாசலில் நிற்கிறாள். தெருவே வேடிக்கை பார்க்கிறது. நான் பச்சைச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். போய், அவளே கேட்கட்டும் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை. பண்டாரிக்குப் பொறுக்கவில்லை. எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்த அண்ணனிடம், நீங்கள் செய்த பூட்டுத்தானே, திறந்து தொலையுங்களேன் என்று கத்தினார்.

அண்ணன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "நம்மளே நெனச்சாலும் முடியாது பாய். ரெண்டு சாவி வேணும்."

பிறகு பரீதா பூட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தச் சேலை இன்னமும் சாயம் போகுதா டீச்சர்?"

"ஒன் டேங்க்கு இன்னமும் வழியுதா?" என்றேன் நான்.

சிவப்பு ஒரு சுற்று, பச்சை ஒரு சுற்று. தேக்சாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கி வந்தோம். அன்று மூன்று தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

மறுநாள் வேன் வந்தது. மேனேஜர் சாவி கேட்டார். பரீதா அவள் வாசலில் நின்று, சாவி தருவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு டீச்சரோடு தனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதையே சொன்னேன். தெருவில் ஒருவர் விடாமல், ஆமாம் சார், பயங்கரமான சண்டை, எட்டு மாதமாக நடக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். மத்தியானம் வரை இருந்து பார்த்த மேனேஜர், பரீதா வீட்டில் மிச்சமிருந்த பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு கூட்டம் போட்டு, கொடுப்பதில்லை என்று முறைப்படி எழுதி அனுப்பினோம். அண்ணன் அன்று சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்ம கண்ணுல தூசி" என்றார். அது உண்மையிலேயே எங்கள் எல்லோர் கண்ணிலும் இருந்தது.

போன வருஷம் பட்டறை வேலையை விட்டுவிட்டு, பழநி பக்கம் பாலசமுத்திரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு அண்ணன் போய்விட்டார். சாவிப் பங்கீடு மட்டும் போனில் நடக்கிறது.

சமீபத்தில் ஒரு நாள் எனக்கு அவசரமாக ஏணி வேண்டியிருந்தது. அந்த வாரம் சிவப்புச் சாவி வைத்திருந்த பரீதா நிலக்கோட்டைக்குப் போயிருந்தாள். கொட்டகை வாசலில் ஏதோ யோசனையில் பச்சைச் சாவியைப் போட்டு இரண்டு முறை திருப்பிவிட்டேன். லீவர் உடையவில்லை. பூட்டு திறந்துகொண்டது. ஒரே மாதிரி வெட்டிய இரண்டு சாவி. இரண்டு சுற்றுப் பூட்டு. அவ்வளவுதான் விஷயம். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பதினோரு வருஷம் ஏமாந்திருக்கிறோம்.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, எனக்கு மட்டும்தான் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன்.

"அப்படியே இருங்க டீச்சர்" என்றார். "இதோட ஒம்பது பேரு போன் பண்ணிட்டாக. அம்புட்டுப் பேரும் 'எனக்கு மட்டுந்தான் தெரியும்'ங்குறாக."

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது, ஊரிலிருந்து திரும்பிய பரீதாவிடம் மறைக்க முடியவில்லை. சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. நிச்சயதார்த்தத்தன்று காலை ஆறு மணிக்கே, உடைந்தால் உடையட்டும் என்று சிவப்புச் சாவியை இரண்டு முறை திருப்பிப் பார்த்தாளாம். திறந்ததாம். தேக்சாவைக் கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி பூட்டினாளாம்.

"பெறகு ஏன்டி ஏழு மணி வரைக்கும் வாசல்ல நின்ன?"

"தேக்சாதான் இருக்குன்னு தெரிஞ்சு போச்சே. நீ வாரியான்னுதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

இப்போது தெருவில் பெரிதாகச் சண்டை ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலசமுத்திரத்திலிருந்து போன் வந்துவிடும். "இந்த வாரம் யாருக்கும் யாருக்கும் ஆகல?" என்று ஆவலாகக் கேட்பார். இல்லை என்று சொன்னால் மனுஷன் குரல் வாடிப்போகிறது. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே நானும் பரீதாவும் டீயோடு உட்கார்ந்து, அவருக்குச் சொல்ல நல்லதாக ஒரு சண்டையை யோசித்து வைத்துவிடுகிறோம்.