உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் இடம்

பாலூட்டிகளில் ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் அதன் படம் கிடையாது. ஒருவேளை இருக்கலாம், கடைசிப் பக்கம் வரை யார் படித்தார்கள்? சொந்த ஊரில் இருக்கும்வரை இந்த இனத்தை உங்களால் அடையாளம் காண முடியாது. ஆபீசுக்குப் போகும், வரும், தட்டில் விழுந்ததைச் சாப்பிடும், உப்புக் குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் லீவு போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெளியூர் ரயில் நிலையத்தில் காலை வைத்ததோ இல்லையோ, அதன் மூக்கு விடைக்கும், கண் இடுங்கும், வாயிலிருந்து அந்த வாக்கியம் வரும்: "உள்ளூர்க்காரங்க எங்க சாப்பிடுறாங்களோ, அங்கதான் நாம சாப்பிடணும்."

கேட்டிருப்பீர்கள். சொல்லியிருக்கிறீர்களா என்பதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

இதோ, ஓர் உதாரணத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, வழுக்கை ஆரம்பித்த தலை, கையில் விரிக்காத வரைபடம். வரைபடத்தை விரித்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிடுமாம். கூடவே மனைவி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் மகள். ஆற்றங்கரை நகரம் ஒன்றில் சின்ன விடுதியாகப் பார்த்து அறை எடுத்திருந்தார்கள். மாடியில் சாய்வான கூரை, ஜன்னலைத் திறந்தால் பின்முற்றம், துணி காயப்போட ஒரு கயிறு, படுத்துத் தூங்கும் ஒரு பூனை. அறைச் சாவியைத் தொலைக்காமல் இருக்க அதில் செங்கல் அளவுக்கு ஒரு மரக்கட்டையைக் கட்டி, அதில் விடுதியின் போன் நம்பரைச் செதுக்கியிருந்தார்கள்.

இந்தப் பயணத்தில் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். அருங்காட்சியகம் வேண்டாம், படகு வேண்டாம், கோபுரத்தின் உச்சி வேண்டாம். தான் சமைக்காத சாப்பாட்டை, சூடாக, உட்கார்ந்து, நடுவில் யாரும் "தண்ணி எங்க?" என்று கேட்காமல், ஒரு வேளை சாப்பிட வேண்டும். காலையில் படியிறங்கி வந்தபோது விடுதியின் சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. மஞ்சள் திரை, ஜன்னலோரம் ஒரு மேசை, உள்ளே யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை. விடுதிக்காரம்மா எட்டிப் பார்த்து, மத்தியானம் சூப்பும் வறுத்த மீனும் செய்கிறோம், இங்கேயே சாப்பிடுங்களேன் என்றார். அம்மா அந்த ஜன்னலோர மேசையைப் பார்த்த பார்வையை மகள் பார்த்தாள். கல்யாணப் பெண்கூட நகைக்கடையை அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே, தங்குகிற இடத்திலேயே சாப்பிடுவதென்றால் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்றார். விடுதிகளில் போடுவதெல்லாம் டூரிஸ்ட் சாப்பாடாம். காலைச் சாப்பாடும் அத்தோடு போயிற்று.

பிறகு நடந்தது வேட்டை.

இந்த இனத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு, மனப்பாடம். வாசலில் சாப்பாட்டின் போட்டோ ஒட்டியிருந்தால் உள்ளே போகக் கூடாது. "வாங்க வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் ஓட வேண்டும். கூட்டம் இல்லையென்றால் சாப்பாடு மோசம். கூட்டம் இருந்தால், அத்தனை பேரும் டூரிஸ்ட். மேசையில் துணி விரித்திருந்தால் பகட்டு; விரிக்காவிட்டால் சுத்தம் போதாது. இத்தனையையும் தாண்டி ஒரு கடை தேறிவிட்டதென்று வையுங்கள், பயம் வந்துவிடும்: இதைவிட நல்ல கடை அடுத்த தெருவில் இருந்து தொலைத்தால்? ஆகவே அடுத்த தெரு. அதற்கடுத்த தெரு.

கடைகளைப் பார்த்து முடித்ததும் ஆட்களைப் பார்க்க ஆரம்பித்தார். உள்ளூர்க்காரனைப் பின்தொடர்ந்தால் சாப்பாடு தானாக வரும் என்பது அவர் கண்டுபிடிப்பு. வேகமாக நடந்த ஒரு கண்ணாடிக்காரரைப் பசியில் போகிறார் என்று முடிவுகட்டி, குடும்பத்தோடு பின்னாலேயே போய், அவர் நுழைந்த கதவில் நுழைந்து, அவர் உட்கார்ந்த வரிசையில் உட்கார்ந்தார். சத்தமில்லாத அறை, மீன் தொட்டி, மெத்தென்ற நாற்காலி. அப்பா மகிழ்ந்து போனார். மெனு கார்டுகூட இல்லை பார், இதுதான் தரம் என்று அம்மாவின் காதில் சொன்னார். உள்கதவு திறந்து, வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி கேட்டாள்:

"யாருக்கு, எந்தப் பல்லு?"

வெளியே வந்ததும் அப்பா, அந்த மீன் தொட்டியைப் பார்த்தபோதே தனக்குச் சந்தேகம்தான் என்றார்.

தபால் கொடுக்கும் பெண் ஒருத்தியை நிறுத்தி எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். ஸ்டேஷன் பக்கம் பர்கர் கடை என்றாள். அவள் உண்மையான உள்ளூர் இல்லை என்று தள்ளுபடி செய்தார். அடுத்து ஒரு முடிதிருத்துபவர். கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "எங்க சாப்பிடுவேன், எங்க வீட்லதான்" என்றார் அவர்.

நியாயம்தானே? உள்ளூர்க்காரர்கள் வேறெங்கே சாப்பிடுவார்கள்? நம் கதாநாயகரிடம் அவருடைய ஊரில் வந்து இதே கேள்வியைக் கேட்டால் அவரும் அதைத்தானே சொல்வார்? அவர் வீட்டில் அடுப்பு முன்னால் நிற்பது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த ஆள் இப்போது முடிதிருத்தும் கடை வாசலில், ஒரு காலைத் தூக்கி மறுகாலில் தேய்த்தபடி, கைப்பையின் அடியிலிருந்து எடுத்த நொறுங்கிய பிஸ்கட்டை நின்றுகொண்டே தின்றுகொண்டிருந்தாள். அதிலும் பெரிய துண்டை மகளிடம் நீட்டினாள்.

மகள் அதை வாங்கி, கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். பிஸ்கட் உலர்ந்துபோயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளும் அப்படித்தான் சொல்வாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கப் பார்க்கும் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் நகர்த்திவைத்து மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பிய வீராங்கனை. அப்பா முடிதிருத்துபவரிடம், வீட்டில் சாப்பிடாத நாளில் எங்கே என்று குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது, அவள் பையிலிருந்து சாவிக்கட்டையை எடுத்து, நம்பரைப் பார்த்து, மூலைக்குப் போய் போன் போட்டாள்.

"அக்கா, மாடி ரூம் பொண்ணு பேசுறேன். சூப்பு இருக்கா?"

"இருக்கு கண்ணு. வாங்களேன்."

"நாங்களா வந்தா எங்கப்பா வர மாட்டாரு. உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் தெருவுல நடக்க விடுங்க."

"எதுக்கு?"

"எங்கப்பா பின்னாடியே வருவாரு."

"அவருக்கு நடந்தா மூச்சு வாங்குமே" என்றார் விடுதிக்காரம்மா. பிறகு, எந்தத் தெரு என்று கேட்டார்.

விடுதிக்காரம்மாவின் வீட்டுக்காரர்தான் அங்கே சமையல். அடுப்பங்கரையை விட்டு வெளியே வராத மனிதர். அப்பா அவரைப் பார்த்ததே இல்லை. சற்று நேரத்தில் தெருமுனையில் முதலில் ஒரு தொப்பை வந்தது, பின்னால் அவர் வந்தார். நடிப்பில் குறை வைக்கவில்லை. வயிற்றைத் தடவினார். வானத்தைப் பார்த்துச் சப்புக்கொட்டினார். பசிக்குது பசிக்குது என்று தனக்குத்தானே ராகமாகப் பாடினார். இவ்வளவு பச்சையாக நடித்தால் கெட்டுவிடுமே என்று மகள் அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அவருக்குக் கையைக் காட்டினாள்.

அப்பாவின் மூக்கு விடைத்தது. "சத்தம் போடாம வாங்க" என்றார்.

தொப்பைக்காரர் சந்தில் திரும்பினார், இவர்களும் திரும்பினார்கள். அவர் மூச்சு வாங்க நின்றால், இவர்களும் கதவு எண்களை ரசிப்பதுபோல நின்றார்கள். கடைசியில் ஒரு பச்சைக் கதவைத் தள்ளிக்கொண்டு அவர் உள்ளே போனார். போர்டு இல்லை. போட்டோ இல்லை. கூப்பிட ஆள் இல்லை. அப்பா கோயிலுக்குள் போவதுபோல் குனிந்து நுழைந்தார்.

உள்ளே மஞ்சள் திரை. ஜன்னலோரம் ஒரு மேசை.

அம்மா நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், திரை இடுக்கில் தெரிந்த முற்றத்துப் பூனையைப் பார்த்தாள், கடைசியாக மகளைப் பார்த்தாள். மகள் கூரையைப் பார்த்தாள். அம்மா போய் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.

சூப் வந்தது, ஆவி பறக்க. ரொட்டி வந்தது. மீன் எண்ணெயில் பேசிக்கொண்டே வந்தது. தொப்பைக்காரரே பரிமாறினார். ஏன் வாடிக்கையாளரே பரிமாறுகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை அப்பாவுக்கு. இங்கெல்லாம் எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி என்று விளக்கம் கொடுத்தார். பிறகு அவரிடமே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்க டூரிஸ்ட் யாராவது வருவாங்களா?"

தொப்பைக்காரர் மகளை ஒரு பார்வை பார்த்தார். "நேத்து ஒரு குடும்பம் வந்துச்சு. காலையில சாப்பிடாமலே கிளம்பிப் போயிட்டாங்க."

"பாவம்" என்றார் அப்பா. "அதுங்களுக்கு என்ன தெரியும்."

மகள் சூப்புக் கிண்ணத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் புரையேறியது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, காற்று வீசும்வரை. திரை விலகி, முற்றத்துக் கயிற்றில் காய்ந்த சட்டை ஒன்று அப்பாவைப் பார்த்துக் கையாட்டியது. நீலக் கோடு போட்ட சட்டை.

"இந்த ஊர்லயும் என் சட்டை மாதிரியே போடுறாங்க பாரு" என்றார் அப்பா. "நல்ல ரசனை."

காற்று இன்னொரு முறை வீசியது. இந்த முறை சட்டையின் முன்பக்கம் தெரிந்தது. வெள்ளைப் பொத்தான்களுக்கு நடுவில் ஒரே ஒரு பழுப்புப் பொத்தான். போன மாதம் அவசரத்துக்கு அம்மா தைத்துக்கொடுத்தது. அந்தப் பொத்தான் உலகத்தில் வேறெந்தச் சட்டையிலும் இருக்க வழியில்லை.

அப்பாவின் கரண்டி பாதியில் நின்றது. போச்சு என்று நினைத்தாள் மகள். இப்போது எழுந்துகொள்வார். ஏமாற்றிவிட்டார்கள் என்பார், டூரிஸ்ட் சாப்பாடு என்பார், மீன் பாதியில் கிடக்க எல்லாரும் மறுபடி தெருவுக்குப் போக வேண்டியதுதான்.

அவர் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா எதையும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ரொட்டித் துண்டால் கிண்ணத்தின் அடியைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. அடுப்பு வியர்வை இல்லை, சூப்பு வியர்வை. அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டித் திரையை இழுத்துவிட்டார்.

"வெயில் அடிக்குது" என்றார். தொப்பைக்காரரைப் பார்த்து, "இவங்களுக்கு இன்னொரு மீன்."

வெளியே மேகம் மூடியிருந்தது. தண்ணீர்கூட அவரே எழுந்துபோய் எடுத்து வந்தார்.

பில் கேட்டதற்குத் தொப்பைக்காரர், போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். நம்மை உள்ளூர் என்றே நினைத்துவிட்டார் பார், என்று அப்பா பெருமைப்பட்டார். ஆனால் அம்மாவைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை.

"ஏங்க, இனிமே என்னால ஒரு எட்டுகூட நடக்க முடியாது" என்றாள் அம்மா, செருப்பை விரலில் மாட்டிக்கொண்டு.

அப்பா எழுந்தார். சட்டையை நீவிக்கொண்டார். பச்சைக் கதவுப் பக்கம் போகாமல் எதிர்க் கதவைத் திறந்தார். அங்கே விடுதியின் முன்கூடம். கணக்குமேசைக்குப் பின்னால் விடுதிக்காரம்மா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அவரை ஏறிட்டுப் பார்க்காமல், அப்பா நேராக மாடிப்படியில் ஏறினார். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னார்:

"குறுக்கு வழி. உள்ளூர்க்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

இத்தோடு இந்த இனம் திருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஊர் திரும்பிய பிறகு ஆபீசில் அவர் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: பேர் கிடையாது, போர்டு கிடையாது, ஒரு சந்துக்குள்ளே, தேடினால்கூடக் கிடைக்காது. கேட்கிறவர்கள் வழி எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

நீங்களும் அடுத்த லீவுக்கு எங்கோ கிளம்புகிறீர்கள் என்று கேள்வி. சந்தோஷம். தெருவில் ஒரு நல்ல கடையைத் தாண்டி, அடுத்ததையும் பார்த்துவிடலாமே என்று நீங்கள் சொல்லும்போது ஒரே ஒரு முறை பின்னால் திரும்பிப் பாருங்கள். உங்களோடு வந்தவர் கைப்பையின் அடியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தால், அது லிப்ஸ்டிக் இல்லை. பிஸ்கட்.