ரசமட்டத்து அண்ணன்

வேலை செய்கிறவர், செய்யாதவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்களா? மூன்றாவதாக ஒரு பிறவி உண்டு. வேலை செய்கிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர். யாராவது ஏணியில் ஏறினால் கீழே இவர் நிற்பார். ஏணியைப் பிடித்துக்கொள்ள அல்ல, ஏணியை அங்கே சாத்தியிருக்கக் கூடாது என்று சொல்ல. கைகள் முதுகுக்குப் பின்னால், கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, உதட்டில் ஒரு “ம்ஹும்”. ஆணி சுவரில் முழுதாக இறங்கும்வரை வாயைத் திறக்கமாட்டார். இறங்கியதும், “அங்கயா அடிச்சீங்க?” என்பார்.

இந்த வர்க்கத்தில் எனக்குத் தெரிந்து முதலிடம் ஒரு தையற்கடைக்காரியின் அண்ணனுக்குத்தான். தங்கை சர்ச்சில் கல்யாணம் செய்துகொள்ளும் மணப்பெண்களுக்கு வெள்ளை உடை தைப்பவள். வியர்த்த கை பட்டு வெள்ளைத் துணியெல்லாம் மங்குகிறதே என்று, பீரோ உயரத்துக்கு நிற்கிற பேக்கேஜ் ஏசி ஒன்றை வாங்கினாள். அதைப் பொருத்த ஒரு எலெக்ட்ரீஷியனும் ஒரு பிளம்பரும் வந்தார்கள். கால்சட்டைக்கு மடிப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடாமலே அண்ணனும் வந்தார். கையில் ரசமட்டம். எந்தக் காலத்திலோ ஒரு கொத்தனார் மறந்துவிட்டுப் போன, நடுவில் குமிழி ஓடுகிற அந்த மஞ்சள் கட்டையைக் கைக்குழந்தைபோல் தூக்கிக்கொண்டு திரிவார்.

“எங்க ஆபீஸ்ல ஏசி போட்டப்ப எல்லாத்தையும் நான்தான் கூட நின்னு பாத்தேன்” என்று ஆரம்பித்தார். அவர் ஆபீசில் ஏசி போட்டது உண்மை. அன்று அவர் லீவில் இருந்ததும் உண்மை.

“இவ்வளவு தடி வயரு எதுக்கு? இதோ பிளக் பாயின்ட் இருக்குல்ல?”

“அது இந்த லோடு தாங்காது சார். மீட்டர் பெட்டியிலேர்ந்து தனி லைன் இழுக்கணும். தனி பிரேக்கர், எர்த் எல்லாம் வேணும்” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“அதெல்லாம் வயரு விக்கிறவன் சொல்ற கதைப்பா.”

எலெக்ட்ரீஷியன் விவரமான ஆள். “அப்ப கனெக்‌ஷனை நீங்களே குடுத்திடுங்க சார். நான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கறேன்” என்றார். அடுத்த நொடியே தனி லைனுக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

ஆனால் அண்ணனால் சும்மா இருக்க முடியுமா? கூரையோரம் வயர் போகிற அழகைப் பார்க்க மேசைமேல் ஏற வேண்டும் என்றார். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே தங்கை ஒன்றரை மாதம் உட்கார்ந்து, ஓரம் முழுக்கக் கையால் பூவேலை செய்து முடித்த மணப்பெண் உடை. அதைத் தூக்கி ஏசிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

“அண்ணா, பத்திரம். அஞ்சு மணிக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்து எடுத்துக்குவாங்க. நாளைக்குக் கல்யாணம்” என்றாள் தங்கை.

“எனக்குத் தெரியாதா?” என்றார் அண்ணன். அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால் அல்லவா அதைப் பற்றிப் பேச்சு.

அடுத்து பிளம்பரின் முறை. ஏசி காற்றிலிருந்து உறிஞ்சுகிற ஈரமெல்லாம் தண்ணீராகி அடித்தட்டில் சேரும். அங்கிருந்து சுவரோரமாகப் பதினைந்தடிக் குழாயில் ஓடி, பின்பக்கம் வெளியே போக வேண்டும். பம்பு கிடையாது, தானாக வடிந்தால்தான் உண்டு. அதனால் பிளம்பர் குழாயை மெல்ல மெல்ல இறங்கும்படி பிடித்து, கிளாம்பு அடித்து முடித்திருந்தார். அண்ணன் அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. அவர் முகத்தில் அப்படியொரு ஆனந்தத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“என்னப்பா, பைப்பு கோணலா இருக்கு?”

“கோணல் இல்ல சார், வாட்டம். சரிவு இருந்தாத்தான் தண்ணி ஓடும்.”

“ஓடறதுக்குத் தண்ணிக்கு நீ சொல்லித் தரணுமா? பாக்கறவன் என்ன நினைப்பான்? மட்டமா வை.”

பிளம்பர் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். நான்காவது தடவை சொல்ல அவருக்கு என்ன வேண்டுதலா? கிளாம்புகளைக் கழற்றினார். “இன்னும் ஒரு நூல் தூக்கு. இன்னும் கொஞ்சம். ஆங்” என்று, குமிழி சரியாக நடுவில் வந்து உட்காரும்வரை அண்ணன் விடவில்லை. பிறகு ஏசியை ஓடவிட்டார்கள். அறை குளிர்ந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தானே செய்து முடித்த களைப்போடு கண்ணை மூடினார்.

ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம். என் கால்சட்டைக்கு இன்னும் முறை வரவில்லை. தங்கை பெட்டியைத் தூக்கினாள். அடிப்பாகம் கையோடு வரவில்லை. குழாயில் ஓட வழியில்லாத தண்ணீர் அடித்தட்டில் நிறைந்து, வழிந்து, சத்தமில்லாமல் பெட்டிக்குள் புகுந்திருந்தது. வெள்ளை உடையின் ஓரத்தில் அட்டையின் பழுப்பு ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது, பூவேலை மொத்தமும் அதற்குள்.

“அண்ணா, அவங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?” என்றாள்.

அண்ணன் எழுந்து வந்தார். முதுகை வளைத்துக் குனிந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். ஈரத் தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் அப்பவே நினைச்சேன். உன் தரை மட்டமா இல்ல.”

அந்தக் கட்டையைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒன்று போடலாம்போல் இருந்தது எனக்கு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் அவர் மேசைமேல் ஏறியபோது “ஏன், ஸ்டூல் இல்லையா?” என்று முணுமுணுத்தது யார்? பம்பு கிடையாது என்றதும் “சின்னதா ஒண்ணு போட்டிருக்கலாமே” என்று நினைத்தது யார்? இதோ வாசலில் பெண் வீட்டாரின் வண்டி வந்து நிற்கிறது. தங்கை நனைந்த உடையை மடியில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, கறைபட்ட பூக்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். அந்தக் கறைக்கு எதைத் தேய்த்தால் போகும் என்று உங்களுக்கு இப்போது ஒரு யோசனை நாக்கு நுனிவரை வந்திருக்குமே? கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். அவளுக்கு வெளிச்சம் மறைக்கிறது.