ஓபராக்காரியைக் காதலித்த ஸ்டோர்ஸ் மேனேஜர்

சரித்திர நாவல் எழுதிக்கொண்டிருப்பவர் என்று ஓர் இனம் எங்கள் புதுச்சேரியில் உண்டு. எழுதியவர் அல்ல, கவனியுங்கள், எழுதிக்கொண்டிருப்பவர். எழுதி முடித்தவரால் யாருக்கும் தொல்லை இல்லை. புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் ஆயிற்று. இவரை அலமாரியில் வைக்க முடியாது. துய்மா வீதியில் ஏதோ ஒரு மஞ்சள் சுவரைத் தடவி, கண்ணை மூடி, "இங்கதான் சார் அவ சாஞ்சு நின்னா" என்று ஒருவர் பெருமூச்சு விட்டால் அது இவர்தான். அந்தச் சுவரைப் போன தீபாவளிக்குத்தான் கட்டினார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். சொன்னால் முழு அத்தியாயம் கேட்க வேண்டிவரும்.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். எங்கள் அடுக்குமாடியில் எனக்கு நேர் கீழ் வீடு, விஜயராகவன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பெயின்ட் கம்பெனியில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே ஒரு தொப்பி வாங்கினார், எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் "போன்ழூர்" சொன்னார், காதல் சொட்டச் சொட்டச் சரித்திர நாவல் ஒன்றைத் தொடங்கினார். கதாநாயகி செலெஸ்தின். பதினெட்டு வயது ஓபரா பாடகி. பாரீஸ் நகரமே அவள் காலடியில் கிடக்க, அதை உதறிவிட்டு 1786-இல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறுகிறாள். ஏன்? இங்கே இளமாறன் என்ற வாலிபன் இருக்கிறானே, அவனுக்காக. இளமாறனுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம். விஜயராகவனுக்கும் இடது கன்னத்தில் ஒரு மச்சம். அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

ஆறு வருஷம், எழுநூறு பக்கம். செலெஸ்தின் இன்னும் ஒரு பாட்டுக்கூடப் பாடவில்லை. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் புயல் வரும், இல்லாவிட்டால் யாராவது கதவைத் தட்டுவார்கள். பிறகு எழுநூறு பக்கத்தில் என்னதான் இருக்கிறது? உடுப்பு. நாற்பத்தொரு கவுன், ஒவ்வொன்றுக்கும் ஷேடு கார்டு பார்த்து நிறம், நிறத்துக்கேற்ற லேஸ், லேஸுக்கேற்ற பொத்தான். முப்பது வருஷ ஸ்டோர்ஸ் புத்தி எங்கே போகும்?

இந்த லேஸ் விசாரணைக்காகவே அவர் பெரிய கடைப் பக்கம் பொத்தான் கடை வைத்திருக்கும் அன்வருதீனிடம் போவார்.

"பாய், 1786-ல கழுத்துக்கு எந்த லேஸ் வெச்சிருப்பாங்க?"

"நான் கடை போட்டது 1986-ல சார். அதுக்கப்புறம்னா சொல்லிடுறேன்."

ஒரு நாள் பாயின் மகள் லமீஸ், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண், பாவம் பார்த்துத் தன் போனில் நிஜமான ஓபரா ஒன்றைப் போட்டுக் காட்டியது. விஜயராகவன் அரை நிமிஷம் கேட்டார். "யாருக்கும்மா பல்வலி?" என்றார். ஓபரா என்று சொன்னதும், "செலெஸ்தின் இப்படிக் கத்தமாட்டா" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இனி அவர் மனைவி சுலோசனாவுக்கு வருவோம். கல்யாணத்துக்கு முன்பு நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவர். முப்பத்துமூன்று வருஷம் கழித்து, பெண்கள் சங்கத்து ஆண்டு விழாவில் நான்கு பாட்டுப் பாட ஒப்புக்கொண்டார். சமையலறையில் பழகத் தொடங்கினார். இரண்டாவது வரி முடிவதற்குள் ஹாலிலிருந்து உத்தரவு வரும்: "சுலோ, கொஞ்சம் நிறுத்து. செலெஸ்தின் பாடப்போறா." அந்த அம்மாள் மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பாடினார். தொட்டிக்குக் கீழே என் வீடு என்பதால் நான் கொடுத்துவைத்தவன்.

"ஏங்க, ஞாயித்துக்கெழமை ஆறு மணிக்கு என் பாட்டு. நீங்க வரணும்."

"ம்."

இந்த இனத்தின் தாய்மொழி அந்த "ம்"தான். திங்கட்கிழமை ஒரு "ம்", வியாழக்கிழமை ஒரு "ம்". சனிக்கிழமை நான் செய்தித்தாள் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த அம்மாள் கடைசியாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "யாரு வராட்டியும் பரவால்லைங்க. நீங்க ஒருதரம் முழுசா கேட்டா போதும் எனக்கு." அதற்கும் "ம்" தான். எனக்கே அவரை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

அதே ஞாயிறு அதே ஆறு மணிக்கு விஜயராகவன் ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் வாசிப்பதாக எல்லோரையும் வீட்டுக்கு அழைத்திருந்தார். பன்னிரண்டு நாற்காலி போட்டார். ஒரு ஆளும் வரவில்லை. பாய் குடும்பம், நான் என்று அவர் அழைத்த அத்தனை பேரும் சுலோசனாவின் பாட்டுக்குப் போயிருந்தோம். முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் மட்டும் சுலோசனாவின் கைப்பை. அது யாருக்கான இடம் என்று எங்களுக்குத் தெரியும். மூன்று பாட்டு வரை அந்த அம்மாள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாடினார். நான்காவது பாட்டின் நடுவில் கரண்ட் போயிற்று. மைக் செத்தது. அவர் நிறுத்தவில்லை. இருட்டில், மைக் இல்லாமல், அந்தக் குரல் மண்டபத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்ல எனக்கென்ன வெட்கம்?

விழா முடிந்து அவரை வீட்டில் விடப் போனேன். வாசலிலேயே பிடித்துக்கொண்டார் விஜயராகவன்.

"வா சுலோ, உக்காரு. சார், நீங்களும் உக்காருங்க. கெடச்சிடுச்சு."

பன்னிரண்டு காலி நாற்காலிகளில் இரண்டில் உட்கார்ந்தோம். வாசித்தார். "விளக்குகள் அணைந்தன. அரங்கம் இருண்டது. ஆயினும் செலெஸ்தின் நிறுத்தவில்லை. அவள் குரல் சாளரத்தைத் தாண்டித் தெருவில் நின்ற ஒருவனைத் தேடி வந்தது..." அவர் குரல் நடுங்கியது. சும்மா சொல்லக்கூடாது, எழுநூறு பக்கத்தில் உருப்படியான பக்கம் அது ஒன்றுதான்.

"இதை எங்க கேட்டீங்க?" என்றார் சுலோசனா.

"யாரும் வரலைன்னு பாயைத் தேடிப் போனேன். வழியில ஒரு ஹால். கரண்ட் இல்ல. யாரோ ஒரு அம்மா பாடிச்சு. ஜன்னலாண்ட நின்னு அழுதுட்டேன், சுலோ."

"உள்ள வந்து யாருன்னு பாத்திருக்கலாமில்ல?"

"பாத்தா மூடு போயிடும். யாரா இருந்தா இன்னா? செலெஸ்தின் பாடிட்டா, அது போதும்."

சுலோசனா எழுந்தார். பிறகு கைப்பையை ஆணியில் மாட்டினார். மொட்டைமாடிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"சாம்பார் அடுப்பு மேல இருக்கு. செலெஸ்தினைச் சூடு பண்ணிப் போடச் சொல்லுங்க" என்று மாடிக்குப் போய்விட்டார்.

"ம்" என்றார் விஜயராகவன், அடுத்த வரியை எழுதியபடி.

நல்லவேளை, நான் நாவல் எழுதவில்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்காருவது தெரிகிறது. இருங்கள். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உங்கள் வீட்டில் யாரோ வந்து ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி என்று ஏதோ சொன்னார்கள். நீங்களும் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?