காணாத பறவையைக் கண்ட மாமனார்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் எங்களைவிட ஒரு பிடி கூடவே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அறுவைச் சிகிச்சை செய்த என் வலது கண் பளிச்சென்று இருக்கிறது. இப்போது சிக்கலே அதனால்தான்.

கண் ஆறியதும் தினமும் காலையில் குளத்தைச் சுற்றி நடக்கச் சொன்னீர்கள். முப்பத்துநாலு வருஷம் லிஃப்ட் பரிசோதகராக மேலேயும் கீழேயும் போய்வந்தவனுக்கு நேராக நடப்பது முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் நாலே நாளில் பிடித்துப்போய்விட்டது. தென்கரைக் கோரைக்குள் ஒரு முக்குளிப்பான் மிதக்கும் கூடு கட்டி, மூன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துகிறது. தாய் முங்கினால் மூன்றும் தக்கை மாதிரி தண்ணீர்மேல் நின்று கத்தும். அதைப் பார்த்துப் பார்த்தே, நான் நடந்ததைவிட நின்றதுதான் அதிகம்.

அப்படி நின்றபோதுதான் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். காலையில் நடக்க வரும் பத்துப் பேருக்கும் அவர்தான் தலைவி. கழுத்தில் பைனாகுலர், கையில் பறவைப் புத்தகம். ஒருநாள் எல்லார் முன்னாலும் "அதோ, அது என்ன சொல்லுங்க பார்ப்போம்" என்றார். "ஆமை" என்றேன். "அது கல்லுங்க. ஆமை உங்க கால்கிட்ட இருக்கு" என்றார். பத்துப் பேரும் சிரித்தார்கள். ஆமைகூட வெட்கப்பட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. மானம் போனபிறகு வாய் சும்மா இருக்குமா? "அது கிடக்கட்டும், நேத்து நான் பார்த்த பறவையை நீங்க பார்த்தீங்களா? சிவப்பு உச்சி, நீலக் கழுத்து, வாலில மஞ்சப் புள்ளி!" என்று ஒரு போடு போட்டேன். பொய், மாப்பிள்ளை. அவ்வளவும் லிஃப்ட் பொத்தான்களின் நிறம்.

அந்த அம்மா புத்தகத்தைப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் மாறியது. இந்த வட்டாரத்தில் தொண்ணூறு வருஷமாக யாரும் காணாத பறவை ஒன்று அச்சு அசலாக அப்படித்தான் இருக்குமாம். "நிஜமாவே பார்த்தீங்களா?" என்றார். அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். "எங்க மாப்பிள்ளை கண் டாக்டருங்க. அவர் கைபட்ட கண்ணு இது. அக்கரையில கொசு கொட்டாவி விட்டாலும் தெரியும்" என்று உங்களையும் சேர்த்து இழுத்துவிட்டேன்.

மறுநாள் கரையில் நாற்பது காமிரா. அதற்கடுத்த நாள் பத்திரிகையில் என் படம். தென்கரைக் கோரையை வெட்டி மிதிபடகு விட இருந்த காண்ட்ராக்டரின் வேலையை, பறவைக்கு இடைஞ்சல் என்று நகராட்சி நிறுத்திவைத்துவிட்டது. அவர் தினமும் பாதையோரம் நின்று என்னை முறைக்கிறார். வெள்ளிக்கிழமை நகராட்சிக் கூட்டத்தில் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். பார்த்தேன் என்றால் பொய்ச்சாட்சி. பார்க்கவில்லை என்றால் முக்குளிப்பான் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும். மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, மாப்பிள்ளை. கடைசியில் உண்மையையே சொல்வது என்று முடிவு செய்தேன். ஆனால் கொஞ்சம் கௌரவமாக. ஆகவே "இவருக்குக் கண் இன்னும் தேறவில்லை, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும்" என்று ஒரு சான்றிதழ் எழுதி, கையெழுத்திட்டு உடனே அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். இந்த யோசனையை உங்கள் அத்தையிடம் சொன்னேன். "ஒண்ணைக்கூடப் பார்க்காதவருக்கு ரெண்டா எப்படித் தெரியும்?" என்கிறாள். இவளோடு நாற்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு என் ஆசி. உங்கள் கை இன்னும் ஆயிரம் பேர் கண்ணைத் திறக்கட்டும். என் கண்ணை மட்டும் ஒரு வாரத்துக்கு மூடிவைத்துக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தில் வெந்துகொண்டிருக்கும்
மாமனார்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் கூட்டத்தை இன்றைக்கே வைத்துவிட்டார்கள். எழுந்து நின்று, "நான் எந்தப் பறவையையும் பார்க்கலைங்க, பொய் சொல்லிட்டேன்" என்றேன். தபால் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கூட்டம் கூடி அந்தப் பறவையோட கூட்டைக் கலைச்சிடுமேன்னு தன் பேரையே கெடுத்துக்கிறார் பாருங்க!" என்றார். ஒரே கைதட்டல். காண்ட்ராக்டர் எழுந்தார், செத்தேன் என்று நினைத்தேன். "நேத்து சாயங்காலம் நானும் பார்த்தேன். முட்டைமேல உட்கார்ந்திருந்துச்சு" என்கிறார் அந்த மனிதர்! மிதிபடகுக்குப் பதிலாகக் கரையில் பைனாகுலர் வாடகைக் கடை வைக்க அவருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பறவை இருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப்போட்டுவிட்டு, என் கண் பிரமாதம் என்றே சான்றிதழ் அனுப்புங்கள். உங்கள் அத்தைக்கும் ஒன்று வேண்டும். வீடு திரும்பும் வழியில் அவள் அந்தப் பறவையின் குஞ்சையே பார்த்துவிட்டாளாம்.